ஒரு கட்டம் தள்ளி

அந்த ஸ்கிரீனில் முதன்முதலாக ஐம்பத்து நான்கு என்ற எண் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். முட்டைக் கொட்டகையில் எந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. ஐம்பத்து நான்கு கிராம், ஒரு முட்டையின் எடை. பக்கத்துக் கட்டத்தில் ஐம்பத்தொன்று, அதற்கடுத்ததில் ஐம்பத்தாறு. ஆறு கட்டங்களிலும் நம்பக்கூடிய எடைகள். எந்திரத்தின் வயிற்றுக்குள் இருந்தவை, நான் எழுதிய புரோகிராம் வழியாக, நான் எழுதிய தமிழ் எழுத்துகளுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தன. கைதட்ட வேண்டும் போல இருந்தது. கூச்சமாக இருந்ததால் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாமக்கல்லில் லாரிக்கு ஒயரிங் செய்யும் பட்டறையில் பதினெட்டு வருஷம் இருந்தேன். இங்கிலீஷ் எழுத்துகளைச் சர்க்யூட் படங்களில் இருந்துதான் கற்றுக்கொண்டேன். பிறகு சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கும் இந்த முட்டைக் கொட்டகைக்கு எந்திரம் பார்க்க வந்தேன். ஆட்களோடு பேசுவதைவிட ஒயரோடு பேசுவது எனக்குச் சுலபம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தானோ என்னவோ, போனில் ஒருவர் புரோகிராம் எழுதத் தமிழில் சொல்லித்தரும் வீடியோவைத் தற்செயலாகப் பார்த்தபோது விடாமல் பார்த்தேன். சூரமங்கலத்தில் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கினேன். இரண்டு வருஷம் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போயிற்று.

கொட்டகையில் இருப்பது முட்டையைத் தரம் பிரிக்கும் எந்திரம். முன்னால் ஒரு நீள மேசை, அதில் ஆறு சறுக்குகள். பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பெண்கள் நின்று, ஆளுக்கு ஒரு சறுக்கில் முட்டைகளை வைப்பார்கள். முட்டைகள் ஆறு வரிசையாக உருண்டு உள்ளே போகும். உள்ளே ஒவ்வொரு முட்டையையும் ஒரு சின்னச் சுத்தியல் டொக் டொக்கென்று தட்டும். சத்தத்தை வைத்தே கீறல் உண்டா இல்லையா என்று எந்திரம் கண்டுபிடித்துவிடும். அடுத்து எடை. நல்ல முட்டைகள் எடைப்படி பிரிந்து போகும். கீறல் முட்டைகள் எந்த வரிசையில் வந்தாலும் ஒரே ட்ரேயில் போய் விழும். ஆகவே எந்த வரிசையில் கீறல் அதிகம் என்று ட்ரேயைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்திரத்துக்கு மட்டும் தெரியும். அதன் சொந்த ஸ்கிரீனோ முழுக்க இங்கிலீஷில், மெக்கானிக் பக்கமாகத் திரும்பி இருந்தது.

"ஏனுங்ணா, அது என்னமோ மினுக்கு மினுக்குன்னு காட்டுதே, எங்களுக்கும் தெரியற மாதிரி வெக்கக்கூடாதா?" என்று முதல் வரிசைப் பெரியக்கா ஒருநாள் கேட்டார். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது.

எந்திரத்தோடு ஒரு லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஒரு புரோகிராம், வந்திருந்தது. சி மொழியில் எழுதியது. அதைக் கூப்பிட்டால் ஆறு முட்டைகளின் விவரத்தையும் ஒரே கட்டாகக் கொடுக்கும். நான் ஸ்கிரீனை எழுதியது சி ஷார்ப் என்ற வேறு மொழியில். இந்த இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தாலும் இரண்டு வேறு ஊர்க்காரர்கள் மாதிரி. என் சி ஷார்ப் பக்கத்தில் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. இடம் ஒதுக்குவது, வேண்டாததைக் கூட்டித் தள்ளுவது எல்லாம் அவர் வேலை. எதைக் கேட்டாலும் பெயர் சொல்லிக் கேட்கலாம். லைப்ரரியின் பக்கத்தில் அப்படி யாரும் கிடையாது. அங்கே இருப்பது வரிசையான கட்டங்கள்தான். முதல் நான்கு கட்டம் இது, அடுத்த கட்டம் அது என்று எண்ணித்தான் எடுக்க வேண்டும். நான் 'எடை' என்று பெயர் வைத்தால் அந்தப் பெயர் அந்தப் பக்கம் போகாது. எத்தனையாவது கட்டத்தில் ஆரம்பிக்கிறது, எத்தனை கட்டம் அகலம் என்பது மட்டும்தான் போகும். கட்டம் என்று நான் சொல்வதைத்தான் பைட் என்கிறார்கள்.

லைப்ரரிக்காரர்கள் தந்த தாளில் அந்தக் கட்டின் அமைப்பு இருந்தது. முதலில் அந்தக் கட்டின் தொடர் எண், நான்கு கட்டம். அடுத்து, உள்ளே முட்டைகளை நகர்த்தும் பெல்ட்டின் எண், ஒரு கட்டம். அடுத்து ஆறு முட்டைகளுக்கும் கீறல் உண்டா இல்லையா, தலைக்கு ஒரு கட்டம். கடைசியில் ஆறு எடைகள், தலைக்கு நான்கு கட்டம். இதையே என் பக்கத்திலும் எழுதிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் எழுதியபோது கீறலுக்கு உண்டு-இல்லை என்கிற வகையைப் போட்டேன். அது என் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போகும்போது, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஒரு கட்டத்துக்குப் பதில் நான்கு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அது தெரியாது. முதல் இரண்டு எடைகள் ஏதோ முட்டை எடை மாதிரி வந்தன. மற்ற நான்கிலும் பூஜ்யமும், கோடிக்கணக்கான கிராமும். மூன்று வாரம் அதனோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அந்த வகையை எடுத்துவிட்டு ஒரு கட்ட எண்ணாக மாற்றினேன். உடனே வந்ததுதான் அந்த ஐம்பத்து நான்கு.

எடை சரியாக வந்துவிட்டது. ஆகவே எல்லாமே சரி என்று நினைத்துவிட்டேன்.

முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். ஸ்கிரீனைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "மெக்கானிக்கு, நீங்க ஆளு பெரிய ஆளுங்க" என்று சொல்லி, பெரிய டிவி ஒன்றை வாங்கி வந்து மேசைக்கு எதிரே சுவரில் மாட்டச் சொன்னார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பச்சைக் கட்டம். கீறல் முட்டை போனால் அது ஒரு நொடி சிவப்பாகும், கீழே எண்ணிக்கை ஒன்று கூடும்.

அந்த டிவி வந்தபிறகு கொட்டகையே மாறிப்போயிற்று. பெரியக்காவின் முதல் வரிசையில் கீறல் பூஜ்யம். காலையிலும் பூஜ்யம், சாயங்காலமும் பூஜ்யம், மறுநாளும் பூஜ்யம்.

"என்ற கையி பூவு மாதிரி சாமி" என்று அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார்.

"ஆமா, ஊட்ல மருமவகிட்டப் போயிக் கேட்டாத்தான தெரியும் அந்தப் பூவு" என்று இரண்டாம் வரிசையில் இருப்பவள் சொல்வாள். கொட்டகையே சிரிக்கும்.

நாலாம் வரிசையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அங்கே எண்ணிக்கை மற்ற வரிசைகளைப் போல நாலைந்து மடங்கு ஏறிக்கொண்டே போயிற்று. அந்த வரிசையில் நின்ற அம்மிணிக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவள். வேலையில் நிதானமானவள். முட்டையை வைக்கும்போது விரலைக் கடைசியில்தான் எடுப்பாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஸ்கிரீன் சிவப்பு சிவப்பு என்று அடித்தது. நானும் ஸ்கிரீனைத்தான் நம்பினேன். என் கையால் செய்ததல்லவா.

பத்தாவது நாள் காலை முதலாளி டிவி முன்னால் நின்று சொன்னார்: "இந்தாம்மிணி, நீ நாளையிலிருந்து ட்ரே கழுவற பக்கம் போயிரு. இங்க வேற ஆள் நிக்கட்டும்."

ட்ரே கழுவும் இடம் பின்பக்கம் இருக்கிறது. நாள் முழுக்க ஈரத்தில், நாற்றத்தில் நிற்க வேண்டும். கைவிரல் வெந்துபோகும். ஆனால் அதுவல்ல விஷயம். ஆறு வருஷமாக முட்டையைத் தொட்டவளை, நாலு பேர் முன்னால், உன் கை சரியில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. முதலாளி கோழிப்பண்ணைக்குக் கிளம்பிப் போனதும் அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணா, உங்க டப்பா பொய் சொல்லுதுங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "இல்லம்மிணி... எந்திரம் காட்டறதத்தான் அது..."

"நான் ஒவ்வொரு முட்டையையும் பாத்துத்தான் வெக்கறேன். கீறல் இருந்தா எனக்குத் தெரியாதுங்களா? ஒண்ணு செய்யலாம், வாங்க."

அவள் கூப்பிட்ட விதத்தில் நான் பின்னாலேயே போய்விட்டேன். டீ நேரம். மற்ற ஐந்து பேரும் டம்ளரோடு நின்றார்கள். எந்திரம் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அவள் ட்ரேயில் இருந்து ஒரு முட்டையை எடுத்தாள். மேசை விளிம்பில் மெதுவாக ஒரு தட்டு. மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. எல்லோருக்கும் காட்டினாள். பிறகு தன் சறுக்கில், நாலாம் வரிசையில், அதை வைத்தாள்.

"இப்பப் பாருங்க."

முட்டை உருண்டு உள்ளே போயிற்று. டொக், டொக். நாங்கள் ஏழு பேரும் டிவியைப் பார்த்தோம்.

ஐந்தாம் கட்டம் சிவப்பாயிற்று.

நாலாம் கட்டத்தில் ஐம்பத்தெட்டு கிராம் என்று எடை சரியாக வந்திருந்தது. கீறல் மட்டும் பக்கத்து வரிசையில்! ஐந்தாம் வரிசைப் பெண் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அடியே, நான் ஒண்ணுமே வெக்கலையே!" என்று கத்தினாள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமா சந்தோஷமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாள் என் ஸ்கிரீன் தப்பாகச் சொல்லியிருக்கிறது, ஒருத்தியின் தலையில் பழி போட்டிருக்கிறது. அது ஒரு பக்கம் நெஞ்சை அடைத்தது. இன்னொரு பக்கம், எடை சரி, கீறல் மட்டும் சரியாக ஒரு கட்டம் தள்ளி! இது எப்படி நடக்கும்? தப்பாக எழுதியிருந்தால் எல்லாமே குளறுபடியாகி இருக்க வேண்டாமா? நான் கூச்சத்தை மறந்துவிட்டேன்.

"பெரியக்கா, ஒரு முட்டையக் கீறி உங்க வரிசையில வெய்யுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆளுடையது மாதிரி கேட்டது.

"என்ற வரிசையிலயா? எனக்குப் பூஜ்யமுங்க, அதக் கெடுக்கப் பாக்கறீங்களா?"

"வெய்யுங்கக்கா!"

வைத்தார். இரண்டாம் கட்டம் சிவந்தது. முதல் கட்டம் பச்சையாகவே இருந்தது.

"ஏனக்கா, உன்ற பூவெல்லாம் என்ற தோட்டத்துல வந்து உழுந்திருக்குது!" என்று இரண்டாம் வரிசைக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பெரியக்கா டிவியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஆறாம் வரிசையில் ஒன்றை விட்டோம். எங்கேயும் சிவப்பு வரவில்லை. கீறல் முட்டை ட்ரேயில் போய் விழுந்தது, ஸ்கிரீனுக்கோ அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தினமும் ட்ரேயில் இருக்கும் கீறல் முட்டைகள் ஸ்கிரீன் எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். விழும்போது கீறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

லைப்ரரித் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் மேல் கட்டங்கள் போட்டேன். மேலே லைப்ரரியின் வரிசை, கீழே என்னுடைய வரிசை.

தாளைப் பார்த்த உடனேயே கண்ணில் பட்டுவிட்டது. பெல்ட் எண். அந்த ஒரு கட்டத்தை நான் எழுதவே இல்லை. மறந்து விடவில்லை. எங்களுக்கு இருப்பதே ஒரு பெல்ட், அதன் எண் எப்போதும் பூஜ்யம், எதற்கு அதை வீணாகச் சுமப்பது என்று வேண்டுமென்றே விட்டேன். லாரியில் ஒரு சாண் இடம் காலியாகப் போனாலும் வயிறு எரியும் ஊர் எங்களுடையது. வேண்டாததை ஏற்றக்கூடாது என்பது எங்கள் கைகளிலேயே ஊறியிருக்கிறது. நான் எடுத்துவிட்டால் லைப்ரரியும் எடுத்துவிடுமா என்ன? அது அந்தக் கட்டத்தில் பூஜ்யத்தை எழுதிக்கொண்டேதான் இருந்தது. நான் அதை எடுத்துப் பெரியக்காவின் கீறல் என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய உண்மையான கீறல் இரண்டாம் வரிசைக்கு, இரண்டினுடையது மூன்றுக்கு என்று எல்லாம் ஒரு கட்டம் தள்ளி.

சரி, அப்படியானால் எடையும் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? விரலால் எண்ணினேன். லைப்ரரியின் பக்கம்: நான்கு, ஒன்று, ஆறு. பதினொன்று. அடுத்து எடை. வீடியோவில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான்கு கட்ட அகலமுள்ள எண் நான்கால் வகுபடும் இடத்தில்தான் உட்காரும், அதற்காக நடுவில் வெற்றுக் கட்டங்களை விட்டுவிடுவார்கள். பதினொன்று வகுபடாது. ஆகவே ஒரு வெற்றுக் கட்டம், பன்னிரண்டு கட்டம் தள்ளி எடை. என் பக்கம்: நான்கு, ஆறு. பத்து. வகுபடாது. இரண்டு வெற்றுக் கட்டம், பன்னிரண்டு.

இரண்டும் பன்னிரண்டு!

அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். என் தப்பை அந்த வெற்று இடம் விழுங்கிவிட்டது. மொத்த அளவும் இரண்டு பக்கமும் முப்பத்தாறுதான். முன்பே ஒருமுறை அளவைச் சரிபார்த்து, பொருந்துகிறது என்று திருப்திப்பட்டிருக்கிறேன். இவ்வளவு அழகான தப்பை நான் ஒயரிங்கில்கூடச் செய்ததில்லை.

ஒரே ஒரு வரி சேர்த்தேன். பெல்ட் எண், ஒரு கட்டம். நான் அதை எங்கேயும் பயன்படுத்தப்போவதில்லை. ஆனாலும் அது அங்கே இருக்க வேண்டும். மறுபடி ஓட்டி, நாலாம் வரிசை அம்மிணியையே கூப்பிட்டு ஆறு வரிசையிலும் ஒவ்வொரு கீறல் முட்டையாக விடச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. வைத்த வரிசையே சிவந்தது. ஆறாவது சிவந்ததும் பெண்கள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். பெரியக்கா மட்டும் தன் எண்ணிக்கைக்குக் கீழே ஒன்று என்று வந்ததைப் பார்த்துவிட்டு, "அது நீங்க வெக்கச் சொன்னதுங்க, அதக் கழிச்சுப்போடுங்க" என்றார்.

அம்மிணி கேட்டாள்: "அப்ப எனக்குக் காட்டினது மூணாம் வரிசையோடதுங்களா?"

ஆமாம். மூன்றாம் வரிசையில் நின்ற பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நான் அவளைப் பார்க்காமல் திருப்புளியை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தேன். மூன்றாம் சறுக்கு எந்திரத்தோடு சேரும் இடத்தில் அடியில் ஒட்டியிருந்த ரப்பர் பிய்ந்து தொங்கியது. ஒரு போல்ட்டின் தலை அரிசி அளவுக்கு வெளியே தெரிந்தது. வந்த முட்டைகளில் சில அதில் இடித்துக்கொண்டுதான் போயிருக்கின்றன. யாருடைய கையிலும் குற்றமில்லை. இந்தப் பத்து நாளும் நான் நாலாம் சறுக்கைத்தான் திரும்பத் திரும்பக் கழற்றிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். அதனால்தான் அவர் அம்மிணியின் கையைச் சந்தேகப்பட்டார். போல்ட்டை இறக்கி, புது ரப்பர் ஒட்டினேன்.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். இப்போது சொல்ல வேண்டும். காலையில் இருந்த வேகம் எங்கேயோ போய்விட்டது. ஆறு பேரும் கை வேலையை நிறுத்தாமலே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். அவளும்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

"ஏனுங்க, ஒரு விசயம்" என்றேன்.

"சொல்லுங்க மெக்கானிக்கு."

"அந்த டிவி... தப்பாக் காட்டிருச்சுங்க. எந்திரம் தப்பில்லைங்க. நான் எழுதினது தப்பு. நாலாம் வரிசையில ஒண்ணுமில்லைங்க. மூணாம் சறுக்குல ரப்பர் போயிருந்துச்சு."

அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்து நாளாவா?"

"பத்து நாளாங்க."

"எடையெல்லாம் சரியாத்தான காட்டுச்சு?"

"அதனாலதாங்க தெரியாமப் போச்சு." நான் அட்டைப்பெட்டித் துண்டை நீட்டினேன். இரண்டு வரிசைக் கட்டங்களையும் காட்டி, பதினொன்று, பத்து, இரண்டும் பன்னிரண்டு என்று சொல்லச் சொல்ல எனக்கு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது. அவருக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"செரி, அப்ப அம்மிணி இங்கயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பத் திரும்பினார்.

"நில்லுங்க" என்றாள் அவள். முட்டையை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "நிக்கறேனுங்க. ஆனா அல்லாரும் இருக்கறப்பத்தான என்னச் சொன்னீங்க. அந்த டிவியப் பாத்துட்டு வார போற லாரிக்காரனெல்லாம், நாலாம் நம்பர் ஆருன்னு கேட்டுட்டுப் போனானுங்க. அதே டிவியில, தப்புன்னு எழுதிப் போடச் சொல்லுங்க."

முதலாளி சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு அவள் ஒரு பெரிய உதவி செய்த மாதிரி இருந்தது. ஆறு பேர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க என்னால் ஆகாது. எழுத என்னால் ஆகும்.

உட்கார்ந்து எழுதினேன். ஆறு கட்டங்களுக்கும் மேலே, இருப்பதிலேயே பெரிய எழுத்தில்: 'இந்த டிவி பத்து நாளாகக் காட்டிய கீறல் எண்ணிக்கை தவறு. நாலாம் வரிசையில் குறை இல்லை. தவறு மெக்கானிக்குடையது.'

பெரியக்கா எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். மெக்கானிக் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார். சாயங்காலம் ஏற்ற வந்த லாரி டிரைவர் படிக்கட்டிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். "இது என்ன புதுசா?" என்றார்.

"அண்ணனக் கேளுங்க, அட்டையில படம் போட்டுச் சொல்லுவாரு" என்றாள் அவள். முதல்முறையாக அன்றைக்குச் சிரித்தாள்.

"எப்பம்மிணி அத எடுக்கறது?" என்று முதலாளி கேட்டார்.

"பத்து நாள் ஓடட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த முட்டையை எடுத்தாள்.

பத்து நாளும் ஓடியது.